பட்டம் பெறாத பேராசான்

கல்வி வேறு, கல்வி கற்றமைக்குச் சான்றாகத் தரப்படும் பத்திரம் வேறு. இரண்டும் ஓரிடத்தில் அமைவது நன்று. ஆயினும், பத்திரம் உள்ள இடத்திலெல்லாம் கல்வி உண்டென்றோ, பத்திரம் இல்லாத இடத்திலே கல்வி இல்லையென்றோ முடிவு கட்டுவது பேதைமை. இதனை யாவரும் ஒப்புவர். ஒப்பியபடி ஒழுகுவோர் சிலரே. ஓர் ஆசிரியப் பதவிக்கு ஆள் வேண்டும்போது நாம் முதலிற் கேட்பது யாது? பத்திரம் எங்கே என்பதையன்றோ?

இருபதாம் நூற்றாண்டிலே சீன தேசத்தில் ஒருவர் வாழ்ந்தார். நடுத்தரப் பாடசாலையிற் பெற்ற சான்றிதழ் ஒன்றே அவர் கற்றுப் பெற்ற பத்திரம். அவரே அந்நாட்டின் கணித ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைவராயினார். கணனித் துறைக்கு வித்திட்டார். ஒரு பெரும் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராகவும் விளங்கினார். ஹுவா லுவோகெங் என்பது அவர் பெயர். சீனர் வழக்கிலே குடிப்பெயர் முன்னே நிற்கும்; ஹுவா என்பது குடிப்பெயர்.

நான் தமிழ் படிப்பிப்பவன். கணிதம் என் துறையன்று. எண்ணையும் எழுத்தையும் ஒருசேர மதித்த மரபில் வந்தவன் என்ற ஒரே உரிமை பற்றி இவ்வரலாற்றைச் சொல்லத் துணிகின்றேன்.

கடையும் கணக்கும்

ஹுவா 1910 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12 ஆந் திகதி ஜியாங்சு மாகாணத்து ஜின்தான் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சிறிய கடையொன்று வைத்திருந்தவர். நாற்பது வயதிலே தமக்குப் பிறந்த மகனைத் தீங்கு அணுகாதபடி ஒரு மூங்கிற் கூடையிற் கிடத்தி, இன்னொரு கூடையால் அவர் மூடினாரென்றும், அந்தக் கூடையே பிள்ளையின் பெயரில் ஏறியதென்றும் கூறுவர்.

ஊர்ப் பாடசாலையிலே வாங் வெய்கே என்றோர் ஆசிரியர் வாய்த்தார். இவர் கணிதமும் அறிந்தவர்; இலக்கியத்திலும் தோய்ந்தவர். இத்தாலியப் பெருங்கவி தாந்தேயின் காப்பியத்தையும், காளிதாசரின் சாகுந்தலத்தையும் சீன மொழிக்குப் பெயர்த்தவர் இவரே. மாணவனின் கணக்குக் கொப்பியிலே அடித்தும் திருத்தியும் கிடந்த கோடுகள், அவன் ஒரே கணக்குக்குப் பல வழிகளைத் தேடியதன் அடையாளம் என்பதை முதலிற் கண்டுகொண்டவரும் இவரே. ஒரு பிள்ளையின் அழுக்கான கொப்பியிலே அறிவின் சுவட்டைக் காண்பதற்குக் கண் வேண்டும். அந்தக் கண் இவருக்கு இருந்தது.

1925 இல் அப்பாடசாலைப் படிப்பு முடிந்தது. பின்னர் ஷாங்ஹாய் நகரிலே தொழிற்கல்விப் பாடசாலை ஒன்றிற் சேர்ந்தார். அங்கே மணிச்சட்டத்தாற் கணக்கிடும் போட்டியில் முதலிடம் பெற்றார். ஆனால் செலவுக்குப் பணம் போதவில்லை. படிப்பை முடிக்காமலே ஊருக்குத் திரும்பித் தந்தையாரின் கடையில் அமர்ந்தார்.

கடையிலே அவரிடம் இருந்த நூல்கள் மூன்று: அட்சர கணிதம் ஒன்று, பகுமுறைக் கேத்திர கணிதம் ஒன்று, நுண்கணிதம் பற்றிய ஐம்பது பக்கம் அளவினதான கையெழுத்துப் பிரதி ஒன்று. பொருள் சுற்றும் தாளிலே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். வாங்க வந்தவர் விலை கேட்டால், கணக்கின் விடையை விலையாகச் சொல்லிவிடுவார். வந்தவர் திகைத்துத் திரும்புவர். தந்தையார் சினந்து, புத்தகங்களை நெருப்பில் இடப்போவதாக அச்சுறுத்தியதும் உண்டு. அவரைக் குறை கூறுவதற்கில்லை. வயிற்றுப்பாடு கடையிலே இருந்தது. கணக்கோ ஒருவரும் அறியாத வேற்றுலகத்தில் இருந்தது.

1927 இல் விவாகம் நடந்தது. 1929 இல் நெருப்புக்காய்ச்சல் கண்டது. பல மாதம் படுக்கையிற் கிடந்து உயிர் தப்பினார், இடக்கால் முடமாயிற்று. கடையிலே நின்று வேலை செய்யவும் இயலாத நிலை. பழைய ஆசிரியர் வாங் வெய்கே அப்பொழுது ஊர்ப் பாடசாலைக்குத் தலைவராக இருந்தமையால், கணக்கெழுதும் வேலை ஒன்று அங்கே கிடைத்தது.

திறந்த கதவு

ஐந்தாம் படிச் சமன்பாடு என்று ஒன்று உண்டு. அதற்குப் பொதுவான தீர்வைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலங் காணல் ஆகிய வழிகளாற் பெற முடியாதென்பதை ஏபெல் என்னும் நோர்வே நாட்டறிஞர் 1824 இலே நிறுவிவிட்டார். அங்ஙனமிருக்க, தாம் அதனைத் தீர்த்துவிட்டதாகச் சு ஜியாஜு என்பவர் சீனச் சஞ்சிகை ஒன்றிலே எழுதினார். ஹுவா அதனை வாசித்தார். வழி நெடுகச் சென்று, இடையிலே வரும் ஒரு கணக்கின் பெறுமானம் பிழையென்று கண்டார். அதனை ஒரு கட்டுரையாக எழுதினார். ஷாங்ஹாயில் வெளிவந்த ஓர் அறிவியற் சஞ்சிகை 1930 இல் அதனை வெளியிட்டது.

பேக்கிங் நகரிலே சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக் கணிதப் பகுதியின் தலைவர் ஷியோங் சிங்லாய் என்பவர். கட்டுரையைக் கண்ட அவர், இவர் எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரென்று உசாவினார். அறிந்தார் ஒருவருமில்லை. ஈற்றிலே அதே ஊரவர் ஒருவர், இவர் ஒரு கிராமத்துப் பாடசாலையிலே கணக்கெழுதும் இளைஞர் என்பதைத் தெரிவித்தார். வேறொருவராயின் வியந்து, அத்துடன் விட்டிருப்பர். ஷியோங் விடவில்லை. 1931 இல் இளைஞரை அழைப்பித்தார். ஆசிரியப் பதவிக்குச் சட்டம் இடங்கொடாமையாற் கணிதப் பகுதியின் நூலகத்திலே ஓர் உதவியாளர் இடத்தைத் தந்தார்.

புலவனுக்கு நூலகத்திலே வேலை கொடுப்பது, பசித்தவனுக்கு அடுக்களையிலே வேலை கொடுப்பதை ஒக்கும். பகலிலே வகுப்புக்களின் பின்வரிசையில் இருந்து கேட்டார். இரவிலே நூல்களைக் கற்றார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மொழிகளைத் தாமே பயின்றார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பிறநாட்டுச் சஞ்சிகைகளில் வெளிவரலாயின. 1933 இலே பல்கலைக்கழகம் தன் விதியை ஒருபுறம் வைத்து, பட்டமில்லாத அவரைத் துணை ஆசிரியராக உயர்த்தியது.

இராமானுசன் நடந்த வழியில்

அமெரிக்கக் கணித அறிஞர் நோர்பேட் வீனர் சிங்ஹுவாவுக்கு வந்திருந்தபோது ஹுவாவின் ஆற்றலைக் கண்டு, கேம்பிறிட்ஜிலிருந்த ஹாடிக்கு எடுத்துரைத்தார். 1936 இல் ஹுவா அங்கே சென்றார்.

ஹாடி என்ற பெயர் தமிழர்க்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகத்திலே எழுதுவினைஞராய் இருந்த இராமானுசன் 1913 இல் எழுதிய கடிதத்தைக் கண்டு, அவரைக் கேம்பிறிட்ஜுக்கு வருவித்தவர் அந்த ஹாடியே. இராமானுசனும் கல்லூரிப் பரீட்சையிலே தவறியவர். அவ்விருவரும் சேர்ந்து 1918 இலே வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியிலிருந்து கிளைத்ததே வட்டமுறை என்று கணிதர் வழங்கும் நெறி. ஹுவா கேம்பிறிட்ஜிலே கையாண்ட முதன்மையான கருவியும் அதுவே. கும்பகோணத்திலே வளர்ந்தவர் ஊன்றிய வித்தின் கனியை, ஜின்தானிலிருந்து வந்தவர் கொய்தார். அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இராமானுசன் மறைந்த 1920 இல் ஹுவா ஒன்பது வயதுச் சிறுவன்.

அவர் ஆராய்ந்த பொருள் வாரிங் என்பவர் 1770 இல் எழுப்பிய வினாவாகும். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமற் கூட்டிப் பெறலாம். ஏழு என்பது நான்கும் ஒன்றும் ஒன்றும் ஒன்றும். கன எண்களாயின் ஒன்பது போதும். இங்ஙனம் ஒவ்வொரு படிக்கும் எத்தனை எண்கள் போதும்? வினா சிறுவனுக்கும் விளங்கும்; விடை முதியோரையும் மயக்கும். ஹுவா இத்துறையில் 1938 இல் நிறுவிய சமனிலி அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கேம்பிறிட்ஜிலே இரண்டு ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவர் வேண்டாமென்றார். பட்டத்துக்குப் பதிவுசெய்தால் கட்டணம் கட்டவேண்டும். ஒரே பொருளில் ஒடுங்கவேண்டும். அவருக்கோ பல துறையிலும் கற்கும் ஆசை. இரண்டு ஆண்டிலே பத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார். பட்டமின்றிப் போனவர் பட்டமின்றியே திரும்பினார்.

துணித்திரைக்கு இருபுறம்

1938 இல் அவர் திரும்பிய சீனம் யப்பானியப் படையாற் சிதைந்து கிடந்தது. சிங்ஹுவா உள்ளிட்ட மூன்று பல்கலைக்கழகங்கள் தெற்கே குன்மிங் நகருக்குப் பெயர்ந்து ஒன்றாய் இயங்கின. ஹுவா அங்கே பேராசிரியரானார். குண்டுவீச்சிலே குடியிருப்பு அழிந்தது. கவிஞரும் பழைய இலக்கிய ஆராய்ச்சியாளருமான வென் யீதுவோ தம் அறையிலே பாதியை அவருக்குக் கொடுத்தார். இரு குடும்பங்கள், பதினான்கு பேர். நடுவே ஒரு துணித்திரை. ஒருபுறத்திலே வென் பழங்கதைகளை ஆராய்ந்தார். மறுபுறத்திலே ஹுவா எண்களை ஆராய்ந்தார். எழுத்தும் எண்ணும் ஒரே கூரையின் கீழ் வறுமையைப் பங்கிட்டுக்கொண்ட காட்சியை நினைக்குந்தோறும் என் உள்ளம் உருகுகின்றது. வென் யீதுவோ 1946 யூலை 15 இல் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அக்காலத்தில் ஹுவா எழுதிய பகா எண்களின் கூட்டற் கொள்கை என்னும் பெருநூலை அச்சிடும் வசதி அவர் நாட்டில் அப்பொழுது இருக்கவில்லை. 1947 இல் அது இரஷ்ய மொழியிலே வெளிவந்தது; 1953 இலேதான் சீனமொழியில் வந்தது. தாய்மொழி வாசகருக்கு முன்னே பிறமொழி வாசகர் அதனைப் படித்தனர்.

1946 இல் அமெரிக்கா சென்றார். பிறின்ஸ்ரனில் இரண்டு ஆண்டு தங்கினார். அங்கே காலிற் செய்த சத்திர சிகிச்சையால் நடை சற்றுத் திருந்தியது. அதே உயராய்வு நிலையத்திலே அப்பொழுது வொன் நொய்மன் என்பவர் மின்னணுக் கணனி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1948 இலே இலினோய் பல்கலைக்கழகம் ஹுவாவுக்குப் பேராசிரியர் பதவி தந்தது. நல்ல வீடு, நல்ல சம்பளம். ஆயினும் 1950 இன் தொடக்கத்திலே குடும்பத்துடன் சீனத்துக்குப் புறப்பட்டார். வழியிலே, அமெரிக்காவிற் கற்கும் சீன மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, தாயகத்துக்கு வருமாறு அழைத்தார்.

மூவரைக் கொண்டு ஒரு துறை

1952 இல் சீன விஞ்ஞானக் கழகத்தின் கணித நிலையம் தொடங்கியது. ஹுவா அதன் தலைவர். அவ்வாண்டின் பிற்பகுதியிலே அவர் செய்த ஒரு காரியம் அன்று பெரிதாகத் தோன்றியிராது. சிங்ஹுவாவின் மின்பொறியியற் பகுதியிலிருந்து மூவரைத் தம் நிலையத்துக்கு அழைத்தார். மின் நாய்தா, ஷியா பெய்சு, வாங் சுவான்யிங் என்போர் அவர்கள். ஷியா பெய்சு எடின்பரோவிலே கலாநிதிப் பட்டம் பெற்ற பெண்மணி. கணனி செய்தல் இம்மூவருக்கும் இட்ட பணி. நாட்டிலே ஒரு கணனி தானும் இல்லை. அதனைக் கண்டோரே அரியர். சீனக் கணனித் துறை பிறந்தது இங்ஙனமே.

1956 இல் அரசாங்கம் பன்னிரண்டு ஆண்டுக்கான விஞ்ஞானத் திட்டம் வகுத்தபோது கணனித் துறை அவசரத் துறைகளுள் ஒன்றாயிற்று. தனி நிலையம் அமைப்பதற்கான ஆயத்தக் குழுவுக்கு ஹுவா தலைவரானார். 1958 இலே முதற் கணனி இயங்கியது. சோவியத் மாதிரியைப் பின்பற்றிய அது, தொடக்கத்தில் ஒரு செக்கனில் முப்பது கணக்கே செய்தது. அடுத்த ஆண்டு வந்த கணனி பத்தாயிரம் செய்தது. 1960 இலே ஷியா பெய்சுவின் குழுவினர் தாமே வகுத்த கணனி ஒன்றை முடித்தனர். 107 என்று எண்ணாற் பெயர்பெற்ற அது சீன விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகத்திலே நிறுவப்பட்டது.

ஹுவா கணனிப் பொறி செய்தவரல்லர். செய்யவல்லாரைக் கண்டு, இடங்கொடுத்து, துறை காலூன்றியதும் அவர்களிடமே விட்டு விலகினார். தொடங்கியவன் தன் பெயரையே கடைசிவரை பொறித்துக்கொள்ள விரும்பும் உலகத்திலே இப்பண்பு அரிது.

அவர் எண் கணிதம் கணனிக்கும் பயன்பட்டது. பல பரிமாணங் கொண்ட தொகையீடுகளைக் கணனியால் மதிப்பிடும்போது எந்தப் புள்ளிகளைத் தெரிந்தெடுத்தாற் பிழை குறையும் என்பதற்கு எண் கொள்கையிலிருந்து விடை கண்டார். தம் மாணவர் வாங் யுவானுடன் சேர்ந்து இப்பொருள் பற்றி அவர் எழுதிய நூல் 1978 இலே சீனமொழியிலும், 1981 இலே ஆங்கிலத்திலும் வந்தது.

ஆசிரியர்

மேற்கூறிய பல்கலைக்கழகம் 1958 இல் தோன்றியது. அதன் தலைவர் கவிஞரும் வரலாற்றறிஞருமாகிய குவோ மோருவோ. கணிதத்தையும் கணனியையும் இணைத்த பகுதிக்கு ஹுவா தலைவர். பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவருமானார். அங்கே ஒரு புதிய ஒழுங்கு இருந்தது. ஓர் ஆண்டு மாணவர் கூட்டத்தை ஒரு பேரறிஞர் தொடக்கத்திலிருந்தே பொறுப்பேற்று நடத்துவார். முதலாண்டினர்க்கு ஹுவா, அடுத்த ஆண்டினர்க்கு குவான் ஜாவோஜி, அதற்கடுத்த ஆண்டினர்க்கு வூ வென்ஜுன். மாணவர் இவர்களை மூன்று திராகன்கள் என்றனர். உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சியாளர் அரிச்சுவடி வகுப்பை இளையோரிடம் தள்ளிவிடாது தாமே எடுத்தார் என்பது என் போன்ற உபாத்திமார் மனங்கொள்ளத்தக்கது. அத்திவாரம் இடுவதே அரிய வேலை.

சென் ஜிங்ருன் என்ற இளைஞர் ஷியாமென் நகரிலே இருந்தார். கூச்சமுடையவர், நோயாளி. அவர் ஹுவாவின் நூலிலே கண்ட ஒரு முடிவைத் திருத்தி மேம்படுத்தி அவருக்கே அனுப்பினார். ஹுவா வெகுண்டாரா? இல்லை. 1957 இல் அவரைத் தம் நிலையத்துக்கு வருவித்தார். ஒரு பிழையைக் கண்டு எழுதிய கட்டுரையாலே தமக்குக் கதவு திறந்ததை அவர் மறக்கவில்லை. சென் ஜிங்ருன் 1973 இலே கோல்ட்பாக் ஊகம் பற்றி வெளியிட்ட முடிவு உலகம் வியக்க நின்றது.

ஹுவா கவி பாடவும் வல்லவர். 1953 இலே விஞ்ஞானிகள் சிலருடன் சோவியத் நாட்டுக்குச் செல்லும் வழியிலே ஒரு சிலேடை செய்தார் என்பர். குழுத் தலைவர் பெயர் சான்சியாங். மூன்று வலியோர் என்பது பொருள். பண்டைச் சீனத்து மூன்று வல்லரசுகளின் பெயரை அதனுடன் அடுக்கி ஓரடி சொன்னார். ஈடான மறு அடியை ஒருவரும் சொல்ல முடியவில்லை. உடனிருந்த மற்றோர் அறிஞர் பெயர் ஜியூஜாங்; ஒன்பது அத்தியாயம் என்பது பொருள்; பழைய சீனக் கணித நூலொன்றின் பெயரும் அதுவே. செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களை அதனுடன் அடுக்கி ஹுவாவே மறு அடியை முடித்தார். நம் புலவர் அவையாயின் பொற்கிழி கிடைத்திருக்கும்.

தேநீரும் கடதாசித் துண்டும்

1960 களின் நடுப்பகுதி முதல் அவர் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் போகத் தொடங்கினார். வேலைகளை ஒழுங்குபடுத்தும் முறை பற்றி 1965 இலே எழுதிய சிறுநூலில் தேநீர் தயாரிப்பதை உதாரணமாக்கினார். கேத்தல் கழுவ ஒரு நிமிடம். தண்ணீர் கொதிக்கப் பதினைந்து. தேநீர்ச் சாடி கழுவ ஒன்று. கோப்பைகள் கழுவ இரண்டு. தேயிலை எடுக்க ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் இருபது நிமிடம். தண்ணீர் கொதிக்கும்போதே மற்றவற்றைச் செய்தாற் பதினாறு நிமிடம். எழுத்தறிவு குறைந்த தொழிலாளிக்கும் இது விளங்கும்.

மற்றொன்று, சிறந்த அளவைச் சில சோதனைகளாற் காணும் முறை. ஓர் உலோகத்திலே ஒரு பொருளை 1000 முதல் 2000 வரை எந்த அளவிற் சேர்ப்பதென்று தெரியவில்லை. ஆயிரம் சோதனை வேண்டுமா? ஒரு கடதாசித் துண்டிலே அளவுகளைக் குறித்து 1618 இல் முதற் சோதனை செய்க. துண்டை இரண்டாக மடித்தால் அதற்கெதிரே 1382 வரும். அங்கே மறு சோதனை. குறைந்த பயன் தந்த புள்ளிக்கு அப்பாலுள்ள பகுதியைக் கிழித்து எறிக. எஞ்சியதிலும் அவ்வாறே செய்க. சில தடவையிலே விடை கையிலே வரும். இக்கடதாசித் துண்டுடன் இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்களிலே ஊன்றுகோலை ஊன்றி நடந்தார்.

அப்பயணம் முற்றிலும் இன்பப் பயணமன்று. 1966 இல் எழுந்த பண்பாட்டுப் புரட்சி கற்றோரைப் பகைவராக்கியது. அவர் வீடு சோதனையிடப்பட்டது. கையெழுத்துப் பிரதிகள் தொலைந்தன. பிரதமர் சூ என்லாயின் ஆதரவே அவரைக் காத்தது. தொழிற்சாலைப் பணி, அறிஞர் ஒருவர் அக்காலத்திலே ஆற்றக்கூடிய சிலவற்றுள் ஒன்றாகவும் இருந்தது. அவருக்குக் கதவு திறந்த ஷியோங் சிங்லாய்க்கு அத்தகைய ஆதரவு கிடைக்கவில்லை. துன்புறுத்தலுக்கு ஆளாகி 1969 இல் அவர் மாண்டார்.

அந்த ஆண்டுகளை ஆராய்ச்சியிற் செலவிட்டிருந்தால் ஹுவா இன்னும் பெரிய தேற்றங்களைத் தந்திருப்பாரென்று கூறுவோர் உளர். இருக்கலாம். ஆனால் கடைத்திண்ணையிலிருந்து கணிதத்துக்கு ஏறியவர், கணிதத்தைக் கடைத்திண்ணைக்கு இறக்கிக் கொடுத்ததை நட்டமென்று என்னாற் சொல்ல இயலவில்லை.

முதுமையிலே பட்டங்கள் தேடி வந்தன. 1980 இலே பிரான்சின் நான்சிப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. பின்னர் ஹொங்கொங்கும் இலினோயும் அளித்தன. 1982 இலே அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது.

1985 யூன் 12 ஆந் திகதி தோக்கியோப் பல்கலைக்கழகத்திலே, கணிதத்தை மக்களிடையே பரப்பிய அனுபவம் பற்றி உரையாற்றினார். முதலிற் சீனமொழியிற் பேசினார். மொழிபெயர்ப்பால் நேரம் வீணாகின்றதென்று கண்டு, அவையின் இசைவுடன் ஆங்கிலத்துக்கு மாறினார். குறித்த நேரத்துக்கு மேலும் பேசி முடித்தார். கைதட்டல் எழுந்தது. அக்கணமே மாரடைப்பால் வீழ்ந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. வயது எழுபத்து நான்கு.

வாங் வெய்கே ஒரு கொப்பியைப் பார்த்தார். ஷியோங் சிங்லாய் ஒரு கட்டுரையைப் பார்த்தார். ஹுவா மூன்று பொறியியலாளரையும் ஒரு நோயாளி இளைஞரையும் பார்த்தார். இவர்களுள் ஒருவரேனும் பத்திரத்தை முதலிற் கேட்டிருந்தால் இத்தொடர் அறுந்திருக்கும். ஒரு நாட்டின் கல்வி எத்தனை கட்டிடங்களால் வளர்கின்றதென்று கணக்கிடுவோர், எத்தனை கண்களால் வளர்கின்றதென்றும் கணக்கிடுவாராக.